காசிக்கு வீசம் கூட

2005 மே மாதம் நான் காசிக்குப் போனேன். சென்னை சென்ட்ரலிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ். அப்பா, அம்மா, அக்கா, நான். மத்தியப் பிரதேசத்தில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாத அளவுக்கு வெயில். தசாஷ்வமேத கட்டத்தில் மாலை ஆரத்தி பார்த்தோம். கூட்டத்தில் அக்காவின் ஒரு செருப்பு தொலைந்துபோனது. நெய்வேலியில் யார் கேட்டாலும் இதைத் தடுமாறாமல் சொல்வேன். இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை நான் காசிக்குப் போனதில்லை.

போன மாதம் ஒரு இரவு என் கிரெடிட் கார்டு கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்கடி பயணம் செய்பவர்களுக்கென்று விற்கப்படும் உயர் ரக கார்டு. நான் அடிக்கடி பயணம் செய்பவன் இல்லை. மளிகை, வீட்டு வாடகை, அக்கா பையனுடைய ஸ்கூல் ஃபீஸ் எல்லாவற்றையும் அதில் தேய்த்து 1,20,000 புள்ளிகள் சேர்ந்திருந்தன. திரையில் இரண்டு வழிகள் காட்டியது. விமான டிக்கெட்டாகவோ ஓட்டல் அறையாகவோ எடுத்தால் ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய். காசாக எடுத்தால் முப்பது பைசா.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, காசா எடுத்தா எவ்ளோ வரும்?"

"முப்பத்தாறாயிரம்ப்பா. டிக்கெட்டா எடுத்தா ஒரு லட்சத்து இருபதாயிரம்."

"காசா எடுத்துடு."

அப்பா கணக்குத் தெரியாதவர் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கிளார்க் வேலை பார்த்தவர். எழுபது சதவீத நஷ்டம் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அவர் வாயில் வந்தது அந்தச் சொல்தான். அது ஏன் என்று யோசித்தபோது, நான் போகாத காசியும் இந்த முப்பது பைசாவும் ஒரே வரலாற்றின் இரண்டு முனைகள் என்று பட்டது. பயணமாகக் கொடுக்கப்பட்டதைக் காசாக மாற்றிக்கொள்ள, மாதச் சம்பளக் குடும்பங்கள் பட்டிருக்கும் பாட்டின் வரலாறு அது.

முதலில் சட்டத்திலிருந்து தொடங்கலாம். 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் முதலாளிகள் கூலியைக் காசாகத் தராமல், தங்கள் கடையில் மட்டுமே செல்லும் சீட்டாகவோ பொருளாகவோ தரும் வழக்கம் இருந்தது. 1831-ல் வந்த டிரக் சட்டம் அதைத் தடுக்கப் பார்த்தது. இந்தியாவில் 1936-ல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, கூலி முழுவதையும் நாணயமாகவோ கரன்சி நோட்டாகவோதான் தரவேண்டும் என்றது. இதன் பின்னாலிருக்கும் எண்ணம் எளிமையானது. காசு கையில் இருந்தால் எங்கே செலவழிப்பது என்பதை வாங்கியவன் முடிவு செய்வான். சீட்டாக இருந்தால் கொடுத்தவன் முடிவு செய்வான்.

சம்பளத்துக்கு இந்தப் பாதுகாப்பு வந்தது. சம்பளத்துக்கு வெளியே "சலுகை" என்ற பெயரில் தருவதற்கு வரவில்லை. சலுகை எந்த உருவத்தில் இருக்கவேண்டும் என்பதைக் கொடுப்பவரே தீர்மானிக்கலாம். எல்.டி.சி. எனப்படும் விடுமுறைப் பயணச் சலுகை பிறந்தது இந்த இடத்தில்தான்.

1956 அக்டோபர் 11 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணையை வெளியிட்டது. மத்திய அரசு ஊழியர்களும் அவர்கள் குடும்பமும் சொந்த ஊருக்குப் போய்வர அரசு உதவும் என்றது அது. சரியாக 34 நாள் கழித்து, 1956 நவம்பர் 14 அன்று, நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவு செய்யப்பட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டும் ஒரே காலத்தின் பிள்ளைகள். சொந்த ஊரை விட்டு வந்து தேசத்துக்காக வேலை செய்யும் ஒரு புதுவகை மனிதரை இரண்டுமே மனதில் வைத்திருந்தன.

நெய்வேலியில் அப்படிப்பட்டவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை என்றே சொல்லலாம். 1934-ல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆத்திசூடிக்கு முன்னால் சொல்லித்தரப்படும் கதை. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் சோவியத் உதவியோடு முதல் அனல்மின் அலகு ஓடத் தொடங்கியது. முந்திரிக்காட்டுச் செம்மண்ணில், எண் போட்ட வட்டங்களாக ஒரு நகரியம் எழுந்தது. "உங்க ஊர் எது?" என்று கேட்டால் யாரும் நெய்வேலி என்று சொல்லமாட்டார்கள். திருநெல்வேலி, பாலக்காடு, குண்டூர் என்பார்கள். இங்கே நிஜமாகவே ஊர் இருந்தவர்கள், அதாவது நிலத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்தவர்கள், அதைச் சொல்லும் இடத்தில் இல்லை. அவர்கள் ஊர் சுரங்கமாகியிருந்தது.

மத்திய அரசின் சலுகையைப் பொதுத்துறை நிறுவனங்களும் தத்தம் விதிகளோடு எடுத்துக்கொண்டன. பிற்பாடு "இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும்" என்று அது விரிந்தது. 1974–77 முதல் நான்கு ஆண்டுகளை ஒரு தொகுதியாகக் கணக்கிடும் முறை வந்தது. தொகுதிக்குள் போகாவிட்டால் ஒரு வருஷம் கருணைக் காலம், அதற்குப் பிறகு காலாவதி. இன்றைய கார்டு புள்ளிகளின் காலாவதி விதியை யாரோ புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கவேண்டாம்.

அரசு ஏன் பயணமாகக் கொடுத்தது? சொந்த ஊர்த் தொடர்பு அறக்கூடாது, தேசத்தைப் பார்க்கவேண்டும் என்பவை சொல்லப்படும் காரணங்கள். கணக்குப்பிள்ளைக் காரணம் ஒன்றும் இருக்கிறது. ரயிலும் அரசுடையது. கிளார்க் குடும்பத்துக்கு அரசு தரும் கட்டணம் ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடுவது. ரயில் எப்படியும் ஓடப்போகிறது. காசாகக் கொடுத்தால் அது வீட்டுக்குப் போய்விடும், திரும்பாது. சலுகையைப் பயணமாகத் தருபவருக்கு அதன் அடக்கவிலை எப்போதும் குறைவு.

வாங்குபவருக்கு? எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

அப்பா வேலை பார்த்தது நிலக்கரி நிறுவனத்தில் இல்லை, ஒரு சிறிய மத்திய அரசு அலுவலகத்தில். குடியிருந்தது மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. மே மாதம் வந்தால் நகரியத்தில் வட்டம் வட்டமாக வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது பையன்கள் குலுமணாலியில் போட்டுக்கொண்ட குல்லாவோடு வருவார்கள். நாங்கள் எங்கும் போனதில்லை. டிக்கெட்டுக்கு அரசு பணம் தரும், சரி. காசியில் இறங்கியபிறகு சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் யார் தருவது? சலுகை ரயில் நிலையத்தோடு முடிந்துவிடும். பயணத்துக்கு ஆகும் மிச்சச் செலவைச் செய்ய வசதி உள்ளவருக்குத்தான் இலவசப் பயணம் இலவசம்.

2005, தொகுதியின் கடைசி வருஷம். எனக்கு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கும் நிலைமை. ஃபீஸுக்குப் பணம் புரளவில்லை. யாரோ ஒருவர் அப்பாவுக்கு வழி சொன்னார். எல்.டி.சி. முன்பணம் எடு, டிக்கெட் போடு, காட்டு, பிறகு ரத்து செய், பில்லை மட்டும் கொடு. கூடவே, எல்.டி.சி.யில் போகும்போது பத்து நாள் ஈட்டிய விடுப்பைக் காசாக்கிக்கொள்ளலாம் என்ற விதியும் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் முதல் தவணையில் ஒரு பங்கு தேறும்.

அப்பா அதைச் செய்தார். நான் இதை மழுப்ப விரும்பவில்லை. அது மோசடி. "எல்லாரும் செஞ்சாங்க" என்பது உண்மையாக இருக்கலாம், பதில் ஆகாது. 2014-ல் ராஜ்யசபா உறுப்பினர்கள் சிலர்மீதே போலி விமான டிக்கெட் காட்டிப் பயணப்படி எடுத்ததாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அந்தச் செய்தி டி.வி.யில் ஓடியபோது அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அந்தப் பதினோரு நாளும் நாங்கள் விருத்தாசலம் பக்கம் பாட்டி ஊரில் ஒளிந்திருந்தோம். அப்பா ரயில்வே கால அட்டவணையை வைத்து எனக்கும் அக்காவுக்கும் ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் மணிமுத்தாற்றங்கரைக்குக் கூட்டிப்போய், விருத்தகிரீஸ்வரர் கோயிலில் கும்பிட வைத்தார். அந்த ஊருக்கு விருத்தகாசி என்று பெயர் உண்டு. காசியைவிட வீசம் கூட என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. "நாம காசிக்குத்தான் வந்திருக்கோம். கணக்குப்படி வீசம் லாபம்" என்றார் அப்பா. சிரித்தாரா என்று நினைவில்லை.

திரும்பி வந்தபோது கையில் அரக்கு வைத்த கங்கைச் சொம்புகள். கடலூர்க் கடையில் வாங்கியவை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டில் பண்ருட்டிப் பலாச்சுளையோடு விசாரிக்க வந்தார். ரயில், வெயில், ஆரத்தி, செருப்பு என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் சரியாக வந்தது. கடைசியில் அவர் கேட்டார்: "காசியில எதை விட்டுட்டு வந்தீங்கக்கா?"

காசிக்குப் போனால் பிடித்தமான ஒரு காயையோ பழத்தையோ அங்கே விட்டுவிட்டு வரவேண்டும், பிறகு ஆயுசுக்கும் தொடக்கூடாது. எங்கள் ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. அம்மா திகைத்து, கண்ணெதிரே இருந்ததைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

"பலாப்பழத்த."

தட்டு திரும்பிப் போனது. பலாவுக்குப் பேர்போன மண்ணில், கோடையில் தெருவே மணக்கும் இடத்தில், அம்மா இருபது வருஷமாகப் பலாச்சுளையைத் தொடவில்லை. வீட்டுக்குள் யாரும் பார்க்காதபோதுகூட. "சாமி பேரச் சொல்லிட்டேன்ல" என்பாள். நான் படித்து முடித்து, வேலைக்குப் போய், இந்தக் கார்டு வாங்கினதற்கு ஆன செலவில் அது ஒரு வரி. எந்த மாற்று விகிதப் பட்டியலிலும் அது இருக்காது.

நான் மென்பொருள் ஆள். பழைய நிரலில் விசித்திரமான ஒரு "இஃப்" வரியைப் பார்த்தால், பின்னால் எப்போதோ ஒரு விபத்து நடந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். எல்.டி.சி. விதிகளை அப்படித்தான் படித்தேன். 1988-ன் மத்திய அரசு எல்.டி.சி. விதிகளில், தனியார் பேருந்தில், வேனில், வாடகைக் காரில் போனால் பணம் கிடையாது என்று ஒரு விதி. முன்பணம் எடுத்தால் பத்து நாளுக்குள் டிக்கெட்டைக் காட்டவேண்டும் என்று ஒரு விதி. வருமான வரிச் சட்டத்தின் 10(5) பிரிவு, பயணத்துக்கு நிஜமாகச் செலவான தொகைக்கு மட்டுமே வரிவிலக்கு என்றது. போகாமல் வாங்கினால் அது சம்பளம், வரி கட்டு. ஒவ்வொன்றும் பயணத்தைக் காசாக்க முயன்ற யாரோ ஒருவரை மறிக்கப் போட்ட வேலிபோலத்தான் தெரிகிறது.

வேலியின் கடைசிப் பெரிய வழக்கு 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஸ்டேட் பாங்க் ஊழியர்கள் சிலர் எல்.டி.சி.யில் வெளிநாட்டைச் சுற்றிவிட்டு உள்நாட்டுப் பயணமாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள். ஒருவருடைய வழித்தடம்: டெல்லி, மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மறுபடி கொழும்பு, டெல்லி. சேரவேண்டிய உள்நாட்டு இடம் மதுரை. மீனாட்சியம்மனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சிங்கப்பூர். இதற்கு வரிவிலக்கு கிடையாது, வங்கி வரி பிடித்திருக்கவேண்டும் என்றது நீதிமன்றம். தீர்ப்பைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஓர் எரிச்சலும். அவர்கள் பயணத்தை இன்னும் பெரிய பயணமாக்கப் பார்த்தார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது ஃபீஸ்.

பிறகு, அரசே வேலியைத் திறந்தது. 2020, கொரோனா. யாரும் எங்கும் போக முடியாது. அக்டோபர் 12 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் எல்.டி.சி. பண வவுச்சர் திட்டத்தை அறிவித்தார். போகவேண்டாம், பணம் தருகிறோம். நிபந்தனை இதுதான்: பயணக் கட்டணம் என்று வைக்கப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்குக்குப் பொருள் வாங்கவேண்டும். அந்தப் பொருளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கவேண்டும். பணம் டிஜிட்டலாகச் செலுத்தவேண்டும். 2021 மார்ச் 31-க்குள் முடிக்கவேண்டும். ரயிலில் போகத் தகுதியுள்ளவருக்குத் தலைக்கு 6,000 ரூபாய்.

அப்பா அந்த டிசம்பரில் ஓய்வு பெறவிருந்தார். 2005-க்குப் பிறகு அவர் எல்.டி.சி. விண்ணப்பத்தையே தொட்டதில்லை. பழைய பைலை யாராவது எடுத்துப் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் மூன்று தொகுதிகள் காலாவதியாகப் போயின. இந்தமுறை விண்ணப்பித்தார். அப்பா, அம்மா, இரண்டு பேர். 12,000 ரூபாய் கிடைக்க 36,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கவேண்டும். கடலூருக்குப் போய் ஃபிரிட்ஜ் வாங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கார்டு தேய்த்தார். பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தார். "இது நியாயமா வந்த காசு" என்று அம்மாவிடம் சொன்னாராம். எங்கள் வீட்டில் அந்த ஃபிரிட்ஜுக்குப் பெயர் காசி. "மோரை காசியில வை" என்பாள் அம்மா.

அரசு திறந்தது வேலியை மட்டும்தான், கடிவாளத்தை விடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரு ரூபாய் பயணத்தைக் காசாக்க, உன் கையிலிருந்து இன்னும் இரண்டு ரூபாய் போட்டு நான் சொல்லும் கடைத்தெருவில் செலவழி.

இப்போது கார்டுக்கு வருகிறேன். 1950-ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் தொடங்கியது. 1960-களின் தொடக்கத்தில் அது இந்தியாவுக்கு வந்தது. 1980-ல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா கார்டு கொடுக்கத் தொடங்கியது. 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல் கணக்குத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பறந்த தூரத்துக்கு மைல், சேர்ந்த மைலுக்கு இருக்கை. 1987-ல் சிட்டி பாங்க் அந்த மைல்களைக் கார்டோடு சேர்த்தது. அன்றிலிருந்து பறக்காமலே மைல் சேர்க்கலாம் என்றானது. மளிகைக்கடையில் நிற்பவனும் பயணி.

வங்கிக்குப் புள்ளி என்பது கடன். கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணத்திலிருந்து நமக்குத் தரவேண்டிய பாக்கி. எத்தனை பேர் கடைசிவரை கேட்கவே மாட்டார்கள் என்ற மதிப்பீடும் அந்தக் கணக்கில் சேரும். அதற்கு "பிரேக்கேஜ்" என்று பெயர். நாம் டிக்கெட்டாக எடுத்தால், வங்கியின் தளம் வழியாகவே எடுக்கவேண்டும், அங்கே அதற்குக் கமிஷன் உண்டு. காலியாகப் போகவிருந்த இருக்கையையோ அறையையோ மலிவாக வாங்கி நம்மிடம் முழு விலைக்குக் காட்டவும் முடியும். காசாக எடுத்தால் ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் போகும். ஆகவே முப்பது பைசா. 1956-ன் ரயில் கணக்கேதான். மிச்ச எழுபது பைசா, என் பணத்தை எங்கே செலவழிப்பது என்று நானே முடிவு செய்வதற்கு நான் கட்டும் விலை.

வசதியுள்ளவன் இந்த விலையைக் கட்டத் தேவையில்லை. அவன் எப்படியும் பறப்பவன், ரூபாய்க்கு ரூபாய் எடுத்துக்கொள்வான். அவசரத்தில் இருப்பவன்தான் முப்பது பைசாவுக்கு எடுப்பான். அப்பா யோசிக்காமல் "காசா எடுத்துடு" என்றது பேராசையாலோ அறியாமையாலோ இல்லை. டிக்கெட்டாக வந்த எதுவும் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததில்லை. எங்கள் ஊரில் இந்த விகிதத்தை அவரைவிடக் கடுமையாக அறிந்தவர்கள் உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது, பேச்செல்லாம் ஏக்கருக்கு எவ்வளவு என்பதாகவே இருந்தது. நிலத்துக்குப் பதில் காசு என்றாலும், பயணத்துக்குப் பதில் காசு என்றாலும், விகிதத்தை எழுதும் பேனா வாங்குபவர் கையில் இருப்பதில்லை.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஆபீஸ் பேரு போடாத. மத்தபடி நடந்ததுதானே" என்றார். பிறகு, "அந்தக் காச எடுத்துட்டியா?" என்றார்.

பாதி எடுத்துவிட்டேன். அறுபதாயிரம் புள்ளிகள், பதினெட்டாயிரம் ரூபாய். அது கையில் வராது, கார்டு பில்லில் கழித்துக்கொள்வார்கள் என்று சொன்னதும் அவருக்கு ஏமாற்றம். "அப்ப அதுவும் காசு இல்லையா?" என்றார். பதினெட்டாயிரத்தை நானே அவர் கணக்குக்கு அனுப்பினேன்.

மிச்சப் புள்ளிகளில் சென்னையிலிருந்து வாரணாசிக்குப் போய்வர மூன்று டிக்கெட். நவம்பர் கடைசியில். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் என் சம்பளம் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னபோது முதலில் அவள் நம்பவில்லை. அப்புறம் வேறு யோசனைக்குப் போய்விட்டாள்.

"தம்பி, அது போகாமலே விட்டது. இப்ப நெஜமாவே போய் முறையா வேற ஒண்ண விட்டா, பழச திருப்பி எடுத்துக்கலாம்ல?"

"எதை விடப்போற?"

"பாகக்கா. உங்கப்பாதான் தின்பாரு."

பாகற்காய்க்குப் பலாப்பழம். இவ்வளவு நல்ல விகிதம் எங்கள் குடும்பத்துக்கு யாரும் கொடுத்ததில்லை. கேட்டால் காசி விசுவநாதர் மறுக்கமாட்டார் என்று சொன்னேன். சித்திரையில் பண்ருட்டியிலிருந்து ஒரு முழுப் பழம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். வெட்டி, பாதியை காசியில் வைக்கவேண்டுமாம்.